ஒரே பெயர், இரண்டு சபாபதிகள்

நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவனுக்கு மேடை பாதிதான் தெரியும். சிரிப்பு முழுசாகக் கேட்கும். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யை எங்கள் ஆபீஸ் மனமகிழ் மன்றம் பொங்கல் விழாவுக்குப் போட்டபோதெல்லாம், பக்கத் திரைக்குள் நோட்டும் கையுமாக நின்ற ப்ராம்ப்டர் நான். வேலைக்கார சபாபதி அசடு வழிந்தால் முன்வரிசை சோபாக்கள் சிரிக்கும். எஜமானர் சபாபதி முதலியார் அசடு வழிந்தால் பின்வரிசை பெஞ்சுகள் சிரிக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் கேட்டது அபூர்வம்.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அவன் வேலையாளுக்கும் ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே மூளை. வேலையாள் சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுப்பான். திட்டும் முதலியாரின் புத்தியும் அதற்கு மேல் ஒரு படி ஏறியதில்லை. ஒருவன் மடத்தனத்துக்கு வசவு. மற்றவன் மடத்தனத்துக்கு மறுவேளைக் காபி. இதை முட்டாள்களைப் பற்றிய நாடகம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. முட்டாளாக இருப்பதற்கு யாருக்கு வசதி இருக்கிறது என்பதைப் பற்றிய நாடகம் இது.

எழுதியவரும் அந்த வசதிக்குள் பிறந்தவர்தான். 1873-ல் பிறந்த சம்பந்தம், இளவயதில் தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர். 1891-ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்குக் குழு சென்னைக்கு வந்து ஆடியதைப் பார்த்ததும் மனசு மாறியது. அந்த ஜூலையிலேயே நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 18. பிறகு வக்கீலானார், சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியானார். நாடகத்தை மட்டும் விடவில்லை. சபையில் சேர்ந்தவர்களில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நிறைய. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திகூட அங்கே வேஷம் கட்டியிருக்கிறார்.

நடிகனைக் ‘கூத்தாடி’ என்று திண்ணைக்கு வெளியே நிறுத்திய காலம் அது. சபைக்காரர்களை அப்படி யாரும் நிறுத்தவில்லை. காரணம் கலை அல்ல, கூலி. அவர்கள் காசு வாங்காமல் நடித்தார்கள். வயிற்றுக்காக நடிப்பவன் ‘கம்பெனி’க்காரன், பொழுதுக்காக நடிப்பவன் ‘சபை’க்காரன். பெண் வேஷத்துக்கும் இதே கணக்குத்தான். சபையில் சம்பந்தத்துக்கு ஜோடியாகக் கதாநாயகி வேஷம் கட்டிய ரங்கவடிவேலு ஒரு வக்கீல். ராத்திரி கொண்டை வைத்துக்கொண்டு நடித்தவர் காலையில் கறுப்புக் கோட்டோடு கோர்ட்டுக்குப் போனால், அவருடைய ஆண்மையை யார் சந்தேகப்பட்டார்கள்? அதே புடவையைக் கம்பெனிப் பையன் கட்டினால், தெருவில் போகும்போது கேலி பின்னாலேயே வரும்.

சபாபதி முதலியாரை ஆட்டிவைப்பது பரீட்சை. சர்க்கார் உத்தியோகத்துக்குப் பரீட்சைதான் வாசல் என்று ஆன பிறகு, உத்தியோகமே தேவைப்படாத மிராசுதார் வீட்டிலும் ‘பையன் பாஸா?’ என்ற கேள்வி நுழைந்துவிட்டது. அப்பாவுக்கு வேண்டியது படிப்பு அல்ல, சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு சேதி. தேறாதவர்களும் ‘பி.ஏ. ஃபெயில்’ என்று பெருமையோடு போட்டுக்கொண்ட ஊர் இது.

1941 டிசம்பரில் ‘சபாபதி’ படமாக வந்தது. ஏ.வி.மெய்யப்பனும் ஏ.டி.கிருஷ்ணசாமியும் இயக்கினார்கள். படிப்பு ஏறாத முதலியாருக்குப் படித்த பெண்டாட்டி வாய்க்கிறாள். அவள் சொல்லிக்கொடுத்துத்தான் அவன் தேறுகிறான். மூளை அவளுடையது, பாஸ் அவனுடையது, மீசையை முறுக்கிக்கொள்வது மாமனார். கொட்டகையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளையே பரீட்சைக்கு உட்கார வைக்கலாமே என்று கதைக்குள் ஒருவரும் கேட்பதில்லை.

முதலியாராக டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரனாக காளி என்.ரத்னம். இரண்டு பேருமே பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். கோவலன் நாடகத்தில் காளி வேஷம் போட்டதால் ரத்னத்துக்கு அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வாத்தியாராக இருந்தவர், எம்.ஜி.ஆர். அங்கே பயின்ற பையன்களில் ஒருவர். மீசை முளைக்கும் முன்பே மேடையேறிச் சோறு சம்பாதித்த கூட்டம் அது. வேலையே செய்யாத பிள்ளையின் சோம்பலை இவர்கள் நடித்துக் காட்டியதில் இருக்கிற குசும்பு, கனவான்கள் நடித்தபோது வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ராமச்சந்திரன் அந்த உருண்டை முழியை உருட்டும்போது, பணக்கார வீட்டுப் பையனைக் கொல்லைப்புறத்திலிருந்து கவனித்த கண் தெரிகிறது.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் சபாபதி என்ற அசட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் கிரேஸி மோகன் நாடகங்களின் அசட்டு நாயகன் மாதுவாக அவன் மேடைக்குத் திரும்பினான். அப்போதும் வீட்டில் விவரமானவள் மனைவி ஜானகிதான்.

எங்கள் ஆபீஸில் முதலியார் வேஷத்துக்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. வேலைக்காரன் வேஷத்துக்கு அடிபிடி, கைதட்டல் அதற்குத்தானே. ஒரு வருஷம் மேனேஜரே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அழுக்கு வேட்டியும் தோளில் துண்டுமாக அவர் வந்து நின்றதும் ஹால் அதிர்ந்தது. ‘எவ்வளவு எளிமையான மனுஷர்!’ என்று மறுநாள் கேன்டீன் முழுக்க அதே பேச்சு. அட்டெண்டர் ஒருவருக்கு நாடகம் முழுசும் மனப்பாடம். நான் பக்கம் புரட்டத் தடுமாறினால் எனக்கே வரி எடுத்துக் கொடுப்பார். வேஷப் பட்டியல் போடும்போது அவரை முதலியாராக்கலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். செயலாளர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, கர்ட்டன் இழுப்பவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிக்கொண்டார்.