தரங்கம்பாடிச் சிறையும் ஒரு கைம்பெண்ணும்

பாதிரியார் சிறைப்பட்டார் என்றதும் சுதேச மன்னர்கள்மீதுதான் நமக்குச் சந்தேகம். ஆனால் 1708இல், டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கைத் தரங்கம்பாடியில் பிடித்து உள்ளே போட்டவர் டேனிஷ் கோட்டைத் தளபதி ஹாசியஸ். அவரும் கிறிஸ்தவர்தான். காரணம்? இறந்துபோன தமிழ் நாவிதர் ஒருவரின் கடன் தகராறு. எதிர்த்தரப்பு, கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். நாவிதரின் மனைவிக்காகச் சீகன்பால்கு திரும்பத் திரும்பப் போய் நின்றார். தளபதி கூப்பிட்டதும் ஓடவில்லை. எழுத்தில் அழைப்பாணை கேட்டார். நான்கு மாதச் சிறை.

இரண்டு வருஷப் பிரசங்கத்தை முணுமுணுப்போடு சகித்த அதிகாரம், நாவிதர் வீட்டுப் பெண் நியாயம் கேட்டதைச் சகிக்கவில்லை. விசுவாசம் வழக்காக மாறும் இடம் இதுதான். 1715இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைக் கொண்டாடுகிறோம், சரி. அந்தப் பெண்ணின் வழக்கு என்னாச்சு என்று நம்மில் யார் கேட்டோம்?