இரத்தச் சர்க்கரை அளவீட்டில் நிறமாக்கி மாற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவ ஆய்வகங்களில் தீங்கு பயக்கும் வேதிப்பொருள்களைக் குறைத்த வரலாற்றில் 1969ஆம் ஆண்டின் நிறமாக்கி மாற்றம் குறிப்பிடத்தக்கது. ஒரு முறையை முழுவதும் கைவிடாமல், அதன் நச்சுக்கூறை மட்டும் மாற்றுவது நிலைத்த பயன் தரும் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: குளுக்கோசு, நொதி, நிறமாக்கி, பென்சிடின், டிரிண்டர்

முன்னுரை

1920இல் ஃபோலின், வூ ஆகியோர் வெளியிட்ட செம்பு ஒடுக்க முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. குளுக்கோசு அல்லாத ஒடுக்கும் பொருள்களையும் அது சேர்த்தளந்தமையால் முடிவுகள் உண்மையளவை விஞ்சின. துல்லியத்தைத் தேடிய பின்வந்தோர் புதிய இடரையும் உடன் கொணர்ந்தனர்.

நொதி முறையும் சாயமும்

1956இல் கெஸ்டன் முன்வைத்த முறையில், குளுக்கோசு ஆக்சிடேசு குளுக்கோசை ஆக்சிசனேற்றி ஹைட்ரஜன் பெராக்சைடைத் தோற்றுவிக்கும். பெராக்சிடேசு அதனைக் கொண்டு நிறமற்ற ஒரு பொருளை நிறமுடையதாக்கும். நிறத்தின் செறிவே சர்க்கரையின் அளவு. இவ்வினைக்குப் பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோ டாலிடினும் ஆர்த்தோ டயானிசிடினும் பென்சிடினின் வழிப்பொருள்கள். 1959இல் ஹல்ட்மன் அறிமுகப்படுத்திய நொதியற்ற முறையோ ஆர்த்தோ டொலுயிடினை அசெட்டிக் அமிலத்தில் சூடாக்குவது. பெயரால் நெருங்கிய டாலிடினும் டொலுயிடினும் வெவ்வேறு சேர்மங்கள். ஆர்த்தோ டொலுயிடினைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பின்னாளில் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றுள் சேர்த்தது.

தொழிற்சாலையிலிருந்து ஆய்வகத்திற்கு

இவ்விடர் முதலில் அறியப்பட்டது சாயத் தொழிலில்தான். 1895இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் சாயத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டறிந்து வெளியிட்டார். 1954இல் கேஸ் முதலியோர் பிரித்தானியச் சாயத் தொழிலாளரை ஆராய்ந்து, பென்சிடின் முதலியவற்றுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்தனர். 1967ஆம் ஆண்டின் பிரித்தானிய விதிகள் பென்சிடினைத் தடைசெய்து, ஆர்த்தோ டாலிடின், டயானிசிடின் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தன. அவ்விதிகள் தொழிற்சாலைகளை முன்னிட்டு எழுந்தவை. ஆயினும் அதே சேர்மங்களை நாள்தோறும் கையாண்ட ஆய்வக நுட்பநருக்கும் அவற்றின் தீங்கு பொதுவானதே.

டிரிண்டரின் மாற்றம்

இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் மருத்துவமனை உயிர்வேதியியலில் பணியாற்றிய டிரிண்டர் 1969இல் வெளியிட்ட கட்டுரைகளுள் ஒன்றின் தலைப்பிலேயே ‘புற்றுநோய் விளைவிக்காத நிறமாக்கி’ என்னும் கருத்து இடம்பெற்றது. பணியாளரின் பாதுகாப்பு ஓர் அளவீட்டு முறையின் தகுதியாகவே முன்வைக்கப்பட்டதற்கு இதுவே சான்று. அவர் இரு நொதிகளையும் அவ்வாறே வைத்துக்கொண்டு, சாயத்தின் இடத்தில் பீனாலையும் 4-அமினோபெனசோனையும் அமைத்தார். அவை இணைந்து செந்நிறக் குயினோனிமினைத் தந்தன. நொதியின் தனித்தன்மை குறையாமையால் ஆய்வகங்கள் துல்லியத்தை இழக்க நேரவில்லை; அம்முறை இன்றளவும் நிலைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

முடிவுரை

பீனாலும் அரிப்புத்தன்மையும் நச்சுத்தன்மையும் உடையதே. எனவே 1969இல் நிகழ்ந்தது இடரின் நீக்கம் அன்று. புற்றுநோய் என்னும் பேரிடரினின்று சிற்றிடருக்கு நகர்ந்த ஒரு படியாகும். நீடித்த வளர்ச்சியை நோக்கிய இன்றைய முயற்சிகளுக்கும் இவ்வரலாறு வழிகாட்டும்: மாற்றுப்பொருள் பழையதன் துல்லியத்தைக் காக்குமாயின், பாதுகாப்பு ஆய்வகத்தின் அன்றாட வழக்கமாகிவிடும்.