கடுகண்ணாவைப் புகையிரத நூதனசாலையும் தொழிலாளர் வரலாறும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதிவழி செல்வோர் கடுகண்ணாவையில் டோசன் கோபுரத்தைக் காண்பர். அவ்வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். நண்பர்கள் நிதி திரட்டி 1832இல் இதனை எழுப்பினர். இராசகாரியம் எனும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டதும் அதே 1832இலேதான். அம்முறையின்கீழ் மலையைக் குடைந்து கல்லுடைத்த குடியானவர்க்கு நிதி திரட்டும் நண்பர் எவரும் இருந்திலர்.

அடுத்து வந்தது புகையிரதம். கோப்பியைத் துறைமுகத்துக்கு விரைவாகவும் மலிவாகவும் அனுப்பவேண்டிய தேவையே அதன் மூலகாரணம். 1863இல் ஒப்பந்தம் பெற்றவர் ஃபவியல். பொறியியல் நெறியாளர் மோல்ஸ்வேத். 1867இல் பாதை கண்டியை அடைந்தது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையிலான ஏற்றம் ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடியாகும். அவ்வேற்றத்தில் உழைத்தோருள் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். காய்ச்சலுக்குப் பலர் பலியாயினர். ஃபவியலின் பெயரை நாம் அறிவோம். மாண்டோர் பெயர்களை அறியோம்.

முதற் புகையிரதம் ஓடி 150 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 2014 டிசம்பர் 27இல் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. நீராவி என்ஜின்களை அங்கு பேணுவது போற்றத்தக்கதே. ஆயினும் இரும்பைப் பேணுவது எளிது. உழைப்பைப் பேணுவதற்குக் காகிதம் வேண்டும். நியமனக் கடிதம், வரவுப் பதிவேடு, தண்டப் பதிவு, விபத்தறிக்கை, ஓய்வூதியக் கோவை ஆகியவையே ஒரு தொழிலாளியின் வாழ்க்கை வரலாறு. குறிப்பாகத் தண்டப் பதிவு, எவ்வளவு நேரத் தாமதத்துக்கு எவ்வளவு கூலி வெட்டப்பட்டது என்பதைக் காட்டுமாதலின், வர்க்க உறவை எந்த ஆண்டறிக்கையிலும் பார்க்கத் தெளிவாகப் பேசும் எனலாம்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவின் றோயல் ஏரோ கழகம் 1910 முதல் விமானிகளுக்குச் சான்றிதழ் வழங்கியது. பிறந்த இடம், தொழில், புகைப்படம் என்பவற்றோடு அவர்களுக்கான அட்டைகள் இன்றும் உள்ளன. ஆனால் விமானத்தைப் பழுதுபார்த்தவர், தாமே அதனை ஓட்டிச் சான்றிதழ் பெற்றாலன்றி, அத்தொகுதியில் இடம்பெறார். கோபுரத்தின் தர்க்கமும் இதுவே.

1923இன் கொழும்புப் பொது வேலைநிறுத்தத்திற் புகையிரதத் தொழிலாளர் முன்னணியில் நின்றனர். 1980 யூலை வேலைநிறுத்தம் இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலையில் மூண்டது. 40,000க்கு மேற்பட்ட அரசாங்க ஊழியர் வேலையிழந்தனர். பதவியைத் தாமாகவே விட்டு நீங்கியோராக அவர்களை அரசு கருதியது. அத்தொழிலாளரின் சேவைக் கோவைகளையேனும், எஞ்சியுள்ளவரை, கடுகண்ணாவை என்ஜின்களின் அருகே வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், ‘பதவி நீங்கியவர்’ எனும் சொற்களின் கீழுள்ள பெயர்களை நாம் வாசிக்கலாம்.