கிறிஸ்துவின் மனநிலை: செண்பகனூர் மரபு

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் தொடங்கப்பட்ட திருஇருதயக் கல்லூரி, இயேசு சபையின் இளந்துறவியரைத் தலைமுறைகளாகப் பயிற்றுவித்த இல்லம். அப்பயிற்சியின் இலக்கு கிறிஸ்துவின் மனநிலை: பிலிப்பியர் மடலின் 2-ஆம் அதிகாரம் காட்டும், தம்மையே வெறுமையாக்கிப் பணியாளராகும் தாழ்மை. அதை இச்சபையினர் அன்றாடப் பழக்கத்தால் வளர்க்கிறார்கள். அப்பழக்கத்தின் உயிர்நாடி ஆத்தும சோதனை. நண்பகலிலும் இரவிலும் சற்று நேரம் அமைதியாக அமர்ந்து, முதலில் நன்றி சொல்லி, பிறகு கடந்த பொழுதைத் திரும்பிப் பார்ப்பார்கள்: சமையற்கட்டில் வேலை செய்பவரிடம் முகம் சுளித்தோமா, நோயுற்ற தோழரை எட்டிப் பார்க்காமல் போனோமா? குறை கண்ட இடத்தில் மன்னிப்பு வேண்டுதல். அடுத்து ஒரு தீர்மானம். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஏற்பளித்த, சபை நிறுவுநர் இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் வேர்கொண்ட முறை இது. துறவியருக்கு மட்டும் உரியதன்று. மலைத்தோட்ட வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருப்பவரும் நின்ற இடத்திலேயே செய்யலாம்.