சேற்றுக்கரைப் பறவைகள்: நிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான்

ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் பக்கம் மீன் சாப்பிடப் போகும் குடும்பங்கள், கடல் வற்றிய நேரத்தில் தூரத்துச் சேற்றில் புள்ளி புள்ளியாக ஏதோ நகர்வதைப் பார்த்திருப்பார்கள். "கொக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். கொக்கும் அங்கே உண்டுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் பல, சைபீரியாவிலிருந்தும் சீனாவின் வடகிழக்கிலிருந்தும் பறந்து வந்த உள்ளான் வகைகள். ஆகஸ்டு மாதத்தில் வரத் தொடங்கி ஏப்ரல் வரை இருக்கும். சில இங்கே இளைப்பாறிவிட்டு ஆஸ்திரேலியா வரை போய்விடும்.

இவற்றைப் பெயர் சொல்லி அறிவது ஏன் கடினம்? புத்தகத்தில் பளிச்சென்று இருப்பது இனப்பெருக்கக் கால நிறம். நம் கரைக்கு வரும்போது பெரும்பாலானவை மேலே சாம்பலும் பழுப்பும், கீழே வெள்ளையுமாக மாறியிருக்கும். ஆகவே நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உருவ அளவு. இதற்குச் சென்டிமீட்டர் வேண்டாம். மைனாவும் காக்கையும் போதும். கிள்ளான் வட்டாரத்தில் காக்கைக்குப் பஞ்சமே இல்லை. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன 1890-களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட காக்கைகளின் வம்சம் அது. புழு தின்றதோ இல்லையோ, இன்று அளவுகோலாகவாவது உதவுகிறது. மைனாவைவிடச் சற்றே பெரியது பவளக்காலி. காக்கை அளவு இருப்பது சின்னக் கோட்டான். மைனாவைவிடச் சிறிதாக, குட்டை அலகும் பெரிய கண்ணுமாக இருந்தால் அது உப்புக்கொத்தியாக இருக்கலாம்.

அடுத்து அலகும் காலும். பவளக்காலிக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது. கால் ஆரஞ்சுச் சிவப்பு. பறக்கும்போது இறக்கையின் பின் விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். கோட்டான்களுக்கு அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும். தலையில் கோடு இருந்தால் சின்னக் கோட்டான். கோடில்லாமல், அலகு மிக நீளமாக இருந்தால் பெரிய வகை. அதிலும் இரண்டு உண்டு. பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். வாலுக்கு மேலே முதுகு வெள்ளையாக இருந்தால் பெரிய கோட்டான். பழுப்பாகவே இருந்தால் அது தூரகிழக்குக் கோட்டான். கரைப்பறவைகளில் உலகிலேயே பெரியது. அழியும் அபாயத்தில் இருப்பது.

நடையும் பெயர் சொல்லும். உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். மூக்கன் நின்ற இடத்தில் நீண்ட அலகைச் சேற்றுக்குள் இறக்கித் துழாவும். சாதாரண உள்ளான் நின்றாலும் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். இதைப் பார்க்கக் கடலுக்குக்கூடப் போக வேண்டாம். ஆற்றோரத்திலும் பெரிய கால்வாய் ஓரத்திலும் தென்படும்.

எல்லோரும் தடுமாறும் இடம் பச்சைக்காலி. சாதாரணப் பச்சைக்காலிக்குக் கால் நீளம், பச்சை சாயல். அலகு மெலிந்து லேசாக மேல்நோக்கி இருக்கும். "தியூ-தியூ-தியூ" என்று மூன்று முறை கத்தியபடி எழும்பும். அதன் நெருங்கிய உறவான நார்ட்மன் பச்சைக்காலிக்குக் கால் குட்டை, மஞ்சள் சாயல். அலகு தடிப்பு, அடிப்பகுதி வெளிறியிருக்கும். உடலைத் தாழ்த்திக்கொண்டு நண்டைத் துரத்தும். உலகம் முழுவதும் சுமார் 2,000-க்குள்தான் இருக்கும் என்பது மதிப்பீடு. சிலாங்கூர் கரை அது குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்களில் ஒன்று.

பெயர் தவறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். ராம்சார் ஒப்பந்தத்தின் அளவுகோல்களில் ஒன்று இது: ஒரு பறவையின் மொத்த எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒரு பங்கு வழக்கமாக வந்து தங்கும் ஈரநிலம், அனைத்துலக முக்கியத்துவம் பெற்றது. அந்தக் கணக்கில் நார்ட்மன் பச்சைக்காலி வெறும் இருபது போதும். அந்த இருபதையும் சாதாரணப் பச்சைக்காலி என்று எழுதிவிட்டால், மண் கொட்டி நிரப்பும் திட்டம் ஒன்று வரும்போது அந்தச் சேற்றுக்கரைக்காகப் பேச ஒரு சான்று குறைந்துவிடும். தெரியாததை "பச்சைக்காலி, வகை தெரியவில்லை" என்று எழுதிவைப்பது ஊகித்து எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

எழுதும்போது தேதி, நேரம், இடம், அலகு, கால், செய்கை என்று கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். புத்தகத்தையோ கைப்பேசிச் செயலியையோ அதன் பிறகுதான் திறக்க வேண்டும். முதலில் படத்தைப் பார்த்துவிட்டால், காணாத அடையாளத்தையும் கண்டதாக மனம் சொல்லும். 'மெர்லின்' போன்ற செயலிகள் நல்ல துணைதான். ஆனால் தூரத்துச் சாம்பல் பறவையின் மங்கலான படத்துக்கு அது சொல்லும் பெயரை அப்படியே நம்பக் கூடாது. காலில் வண்ணப் பட்டை கண்டால், எந்தக் கால், எந்த நிறம் மேலே, எது கீழே, எழுத்து உண்டா என்று குறிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு நிறச் சேர்க்கை வேறு. பறவைக்குப் பட்டை மாட்டிய இடத்தை அதிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நேரம் தவறினால் எல்லாம் வீண். கடல் முழுக்க வற்றியிருந்தால் பறவைகள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். நீர் ஏறத் தொடங்கும்போது சேறு சுருங்கச் சுருங்க அவை கரையை நெருங்கும். அலை அட்டவணையைப் பார்த்து, நீர் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது. கிட்டே போகக் கூடாது. ஓய்வில் இருப்பதை எழுப்பினால், பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பை அது வீணாகச் செலவழிக்கும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 1987-இல் தொடங்கப்பட்ட கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா கைக்கெட்டும் இடம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு, 2002-இல் இயற்கை வனப்பகுதியாக அறிவிக்கப்பட்ட சுங்கை பூலோ. கடலில் நீர் ஏறும் நேரத்தில் பறவைகள் அங்குள்ள குளங்களுக்கு வந்து இறங்கும். மறைவிடத்தில் உட்கார்ந்தபடி காலையும் அலகையும் நிதானமாகப் பார்க்கலாம்.