எருமைக்கண் குங்கிலியம் மாத்திரையான கதை

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் எந்த மருந்துக்கடையில் நின்றாலும், 'ராத்திரிக்கு ஒண்ணு' என்று அட்டோர்வாஸ்டாட்டின் பட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதைப் பார்க்கலாம். வாங்கிய அதே ஆள், மறுவாரம் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போய், "கொழுப்புக்கு மூலிகை ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று கேட்கவும் கூடும். அந்தக் கேள்வியை அறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு பெண் முயல்களை வைத்துக் கேட்டுவிட்டார்.

குங்கிலியம் என்றதும் நமக்குத் தூபம்தான் நினைவு. நெல் வாங்கக் கொடுத்த தாலிக்குக் குங்கிலியம் வாங்கிவிட்ட நாயனாரே இருக்கிறார். இதன் ஒரு வகைதான் எருமைக்கண் குங்கிலியம். மைசாட்சி என்றும் சொல்வார்கள், வடக்கே குக்குலு. கட்ச், ராஜஸ்தான் வறள்நிலத்து முட்செடியின் பிசின்.

பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜி.வி. சத்யவதி, சுசுருதர் 'மேதோரோகம்' பற்றிச் சொன்னதில் ஊன்றினார். உடலசைவில்லாத வாழ்க்கை, பகல் தூக்கம், மந்தமான உணவு. அதனால் கொழுப்பு மிகுந்து உடலின் பாதைகளை அடைக்கிறது. இதற்குச் சொன்ன மருந்துகளில் குக்குலுவும் ஒன்று. ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றிய விவரிப்புபோல இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி, கூடவே பிசினைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்தது. 1966-இல் அது ஆய்வேடானது. பின்னாளில் இவரே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தலைமை இயக்குநர் ஆனார்.

பச்சைப் பிசினை அப்படியே விழுங்கினால் வயிறு கெடும், தோல் தடிக்கும். லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் அதைக் கரைப்பானில் பிரித்து, வேலை செய்யும் பகுதியை மட்டும் எடுத்தது. அதன் பெயர் குக்குலிபிட். இந்தியாவில் நடந்த சோதனைகளில் கொழுப்பு குறைய, 1980களின் பின்பாதியில் மாத்திரையாகக் கடைக்கு வந்தது.

ஏறக்குறைய அதே சமயம், 1987-இல், அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு குறைக்கும் மருந்துகளான ஸ்டாட்டின்களில் முதலாவது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு வழிகாட்டியவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து 1973-இல் ஸ்டாட்டின்களின் முன்னோடியான காம்பாக்டினைப் பிரித்தவர். அவருக்கு ஏடு எதுவும் கைகொடுக்கவில்லை, சலித்துச் சலித்துக் கண்டார். நம்முடையதற்கு ஏடு இருந்தது. எனக்கு மனம் சாய்வது நம் கதைப் பக்கம்தான். அதனால்தான் அடுத்ததைச் சொல்லக் கசக்கிறது.

2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். குறையவில்லை, குக்குலிபிட் எடுத்தவர்களுக்கு 4, 5 சதவீதம் ஏறியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பு. பிசினின் குக்குல்ஸ்டிரோன், பித்த அமிலத்தைக் கவனிக்கும் ஓர் ஏற்பியைத் தடுக்கிறது என்று முந்தைய வருஷம்தான் 'சயன்ஸ்' இதழில் வந்திருந்தது. வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டதாக நினைத்த நேரத்தில் வேலையே சந்தேகமாயிற்று. செடியோ, பிசினுக்காகக் கீறிக் கீறி அழியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

ஆனாலும் மாத்திரை மறையவில்லை. கவலை அங்கேதான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், டில்டியாசெம் இரண்டையும் உடல் சரிவர ஈர்த்துக்கொள்ள குக்குலிபிட் விடுவதில்லை. ஸ்டாட்டினோடு இவற்றையும் எடுப்பவர்கள் உண்டு. ஆகவே, ஸ்டாட்டின் எடுப்பவரிடம் தசைவலி உண்டா, சிறுநீர் கறுத்து வருகிறதா என்று விசாரிக்கும் நர்ஸுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா ஐயா?"

"இல்ல சிஸ்டர்."

"நாட்டுமருந்து?"

"அது மருந்தா சிஸ்டர்? மூலிகைதானே!" என்று பைக்குள் கைவிடுவார் பெரியவர்.