கரை போட்ட எழுத்து

வேட்டிக்குக் கரை உண்டு. புடவைக்குக் கரை உண்டு. நதிக்கும் கரை உண்டு. எழுத்துக்குக் கரை எதற்கு? புத்தகத்தில் குடியிருக்கும் எழுத்துக்கு அது கிடையாது. வெள்ளைக் காகிதத்தில், கறுப்பு மையில், அது அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதே எழுத்து தெருவுக்கு வந்து ஒரு கடைப் பலகையில் ஏறிக்கொண்டால் அதன் கோலமே மாறிவிடுகிறது. மஞ்சள் உடம்பு, அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கரை, அதற்கு வெளியே வெள்ளையில் ஒன்று, அதுவும் போதாதென்று கறுப்பில் இன்னொன்று. கல்யாணப் பேனரில் மாப்பிள்ளையின் பெயரைவிட அந்தப் பெயருக்குக் கட்டிய கரை அகலமாக இருப்பதையும் நாம் பார்க்கிறோம்.

இதெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மற்றப் பாதியை அறிய வேண்டுமானால் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். எழுத்தின் கரை அலங்காரத்துக்காக மட்டும் பிறந்ததல்ல. தனக்குச் சொந்தமில்லாத நிறத்தின் மேல் நிற்க நேர்ந்த எழுத்து, தன்னை அடையாளம் காட்டிக்கொள்வதற்குத் தேடிய வழி அது.

முதலில் எழுத்தை விட்டுக் கொடியைப் பார்ப்போம். மத்திய கால ஐரோப்பாவில் பிரபுக்கள் தங்கள் கேடயங்களிலும் கொடிகளிலும் சின்னம் தீட்டிக்கொண்டார்கள். அதற்கென்று ஒரு சாஸ்திரமும் வளர்ந்தது. நிறங்களை அந்தச் சாஸ்திரம் இரண்டு ஜாதியாகப் பிரித்தது. பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், 'உலோகங்கள்'. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை 'வர்ணங்கள்'. உலோகத்தின் மேல் உலோகம் வரக் கூடாது. வர்ணத்தின் மேல் வர்ணம் வரக் கூடாது. இதுதான் விதி. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நீலத்தின் மேல் சிவப்புத் துலங்காது; வெள்ளையின் மேல் மஞ்சளும் துலங்காது. வருகிறவன் நண்பனா, பகைவனா என்று தெரிய வேண்டிய இடத்தில் இது சாதாரண விஷயமா?

ஆனால் நீலத்தின் மேல் சிவப்பு வந்தே தீர வேண்டும் என்றால் என்ன செய்வது? இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கரை ஒன்றை ஓட விட்டார்கள். 1801-ல் அமைந்த பிரிட்டிஷ் கொடியில் நீலத் தரையின் மேல் நிற்கும் சிவப்புச் சிலுவைக்கு வெள்ளைக் கரை இருப்பது இதனால்தான். 1994-ல் தென்னாப்பிரிக்கா ஏற்றுக்கொண்ட கொடி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதன் நடுவில் உள்ள பச்சைப் பட்டைக்குச் சிவப்பு, நீலப் பக்கங்களில் வெள்ளைக் கரை; கறுப்புப் பக்கத்தில் மஞ்சள் கரை. ஒரே உருவத்துக்கு இரண்டு நிறக் கரைகள்! நம் கண்ணின் சுபாவமே இதற்குக் காரணம். நிறத்தின் வேற்றுமையைவிட வெளிச்சத்தின் வேற்றுமையைக் கொண்டுதான் அது விளிம்புகளைக் கூர்மையாகப் பிடிக்கிறது. அடர்ந்த நிறங்கள் இரண்டு சேர்ந்து நின்றால் நடுவே வெளிறிய கோடு ஒன்று வேண்டும். வெளிறியவை இரண்டு சேர்ந்தால் அடர்ந்த கோடு வேண்டும். கரையின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு சூத்திரத்தில் அடங்கிவிட்டது.

எழுத்துக்குக் கரை கட்டும் வழக்கமும் பழையதே. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் லிண்டிஸ்பார்ன் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. கி.பி. 700-ஐ ஒட்டி அங்கே இருந்த மடத்தில் கன்றுத் தோலின் மேல் எழுதப்பட்ட சுவிசேஷப் பிரதி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எழுதியவர் ஈட்பிரித் என்ற மேற்றிராணியார் என்று பின்னால் வந்த ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். அதன் முதல் எழுத்துக்களைச் சுற்றிச் சிவப்பு மையில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் வைத்துக் கரை கட்டியிருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் ஆயிரக் கணக்கான புள்ளிகள்! இது பக்தி, அவசரமில்லாத காலத்தின் அழகு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஜபம் என்று அந்தத் துறவி நினைத்தாரோ என்னவோ!

அச்சு யந்திரம் வந்ததும் அந்தப் பொறுமைக்கு இடமில்லாமல் போயிற்று. ஆயினும் ஆசை போகவில்லை. 1457-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் பூஸ்ட், ஷோபர் என்ற இருவர் ஒரு சங்கீதப் புத்தகத்தை அச்சிட்டார்கள். அதன் பெரிய முதலெழுத்துக்கள் ஒரு நிறம். அவற்றைச் சுற்றிய கொடி வேலை வேறு நிறம். சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று உரசாமல் நிற்கின்றன. எழுத்தை ஒரு துண்டாகவும் அதன் சுற்றை இன்னொரு துண்டாகவும் உலோகத்தில் செய்து, தனித்தனியே மை தடவி, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி ஒரே அழுத்தில் அச்சிட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வேலை எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான அச்சுக்கூடத்தார் அந்த வழிக்கே போகவில்லை. எழுத்து மறுபடியும் கறுப்பு வேட்டியோடு, கரை இல்லாமல், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளிற்று.

அதைத் தெருவுக்கு இழுத்து வந்தது வியாபாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரத்துச் சுவர்களில் லாட்டரிச் சீட்டுக்காரர்களும் நாடகக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு விளம்பரம் ஒட்டினார்கள். புத்தக எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதவில்லை. பக்கத்து விளம்பரத்தின் கூச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே! 1815-ல் வின்சென்ட் பிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பவர் நிழல் விழுந்தாற்போன்ற எழுத்துக்களைத் தம் மாதிரிப் புத்தகத்தில் காட்டினார். எழுத்து காகிதத்தை விட்டு எழுந்து நிற்பது போன்ற மாயை அது.

அமெரிக்கா இன்னும் துணிந்தது. பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது, விலையும் அதிகம். 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் யந்திரத்தால் மர எழுத்துக்களைக் குடைந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். மரம் லேசானது, மலிவானது. அதற்குப் பிறகு சர்க்கஸ்காரனுக்கும் மருந்து வியாபாரிக்கும் கொண்டாட்டந்தான். அடுத்தாற்போல் வந்தது வர்ண மர எழுத்து. ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று கட்டைகள் செய்வார்கள். ஒரு கட்டையில் உடம்பு மட்டும் இருக்கும், இன்னொன்றில் கரை மட்டும், மற்றொன்றில் நிழல். ஒரே காகிதத்தை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை அச்சு யந்திரத்தில் கொடுத்து எடுக்க வேண்டும். ஒரு நூலளவு இடம் பிசகினாலும் கரை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். கெட்டிக்கார அச்சுக்காரர்கள் ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைச் சற்றே ஏற விட்டு, இரண்டு மையில் மூன்றாவது நிறத்தைக் காட்டிக் காசை மிச்சப்படுத்தினார்கள்.

இந்தக் கலையின் சிகரம் 1874-ல் வந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் பேஜ் என்பவர் தம்முடைய வர்ண மர எழுத்துக்களுக்கென்றே ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிட்டார். அச்சுக்கூடங்களுக்குச் சரக்கு விற்பதற்காகப் போட்ட விலைப் பட்டியல்தான் அது. ஆனால் அதன் பக்கங்களைப் பார்க்கிறவர்களுக்கு விலை கேட்கத் தோன்றாது. சிவப்புக்குள் பச்சை, பச்சைக்குள் பொன் என்று கரைக்குள் கரையாக எழுத்துக்கள் பிரகாசிக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், சிகரத்தை எட்டிய சமயத்திலேயே சரிவும் தொடங்கிவிட்டது. கல்லின் மேல் சித்திரம் வரைந்து பல நிறத்தில் அச்சிடும் முறை அப்போது வலுத்து வந்தது. கல்லில் ஓவியன் எந்த வளைவையும் நினைத்தபடி வரையலாம்; கட்டையைக் குடைய வேண்டியதில்லை. 1891-ல் பேஜின் கம்பெனியை ஹாமில்டன் என்ற வேறொரு மர எழுத்துக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

நம் ஊர்களில் இந்த வேலையை நெடுங்காலம் செய்தவர்கள் தூரிகை பிடித்த பலகை ஓவியர்கள். நூல் பிடித்துக் கோடு போட்டு, சாக்கட்டியால் எழுத்தின் உருவத்தைக் குறித்துக்கொண்டு, எனாமல் வர்ணத்தால் முதலில் உடம்பை நிரப்புவார்கள். அது காய வேண்டும். பிறகு மெல்லிய தூரிகையால் கரை, அதுவும் காய வேண்டும், பிறகு நிழல். ஒவ்வொரு கரைக்கும் ஒரு காத்திருப்பு, ஒரு கூலி. கடைக்காரர் இரண்டு கரை கேட்டால் ஓவியர் பலகையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, 'ஒன்றே போதும், ஐயா!' என்று சொல்லக்கூடிய இடமும் அதில் இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளெக்ஸ் அச்சு யந்திரங்கள் பரவின. பிழைப்பு அவர்கள் கையை விட்டு நழுவிற்று. சிலர் கம்ப்யூட்டரின் முன் உட்காரக் கற்றுக்கொண்டார்கள். பலர் வேறு வேலைக்குப் போனார்கள்.

கம்ப்யூட்டரிலும் கரை ஒரே நாளில் வந்துவிடவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987-ல் எழுதத் தொடங்கி, தம் சகோதரர் ஜானோடு சேர்ந்து வளர்த்த 'போட்டோஷாப்' 1990-ல் விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் படத்தின் மேல் எழுத்தை வைத்தால் அது படத்தோடு ஒட்டிப் போகும்; பிரித்தெடுக்க முடியாது. 1994-ல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் 'லேயர்' முறை வந்தது. 2000-ல் வந்த பதிப்பில் எழுத்துக்குக் கரை கட்ட 'ஸ்ட்ரோக்' என்ற வசதி கிடைத்தது. ஆனால் ஒரே ஒரு கரைதான்! இரண்டாவது வேண்டுமென்றால் எழுத்தை நகல் எடுத்து, அடியில் வைத்து, அதற்கு இன்னும் அகலமான கரை கட்ட வேண்டும். 2015-ல்தான் ஒரே எழுத்துக்குப் பத்துக் கரை வரை போட அனுமதி வந்தது.

பெர்க்கிலி சர்வகலாசாலை மாணவர் இருவர் 1995-ல் தொடங்கிய 'கிம்ப்' என்ற இலவச மென்பொருளில் இதையே வேறு விதமாகவும் செய்யலாம். எழுத்தின் உருவத்தைத் தேர்ந்துகொண்டு, அதை நாலு பிக்ஸல் பருக்க வைத்து, அடியில் உள்ள லேயரில் வர்ணம் நிரப்ப வேண்டும். மறுபடி பருக்க வைத்து, அதற்கும் அடியில் வேறு வர்ணம். எந்த வழியில் போனாலும் கணக்கு ஒன்றே. முதல் கரை நாலு பிக்ஸல் என்றால், இரண்டாவதும் நாலு பிக்ஸல் தெரிவதற்கு எட்டாக வைக்க வேண்டும். பாதி, முன்னால் நிற்பதன் பின்னே மறைந்துவிடும். கரை பருக்கப் பருக்க எழுத்தின் கூர்மூலைகள் வெளிப்புறத்தில் உருண்டு மழுங்கும்.

தமிழ் எழுத்துக்கு இதில் தனிக் கஷ்டம் உண்டு. நம் எழுத்துக்கள் சுழியால் ஆனவை. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வேற்றுமையே ஒரு சுழிதான். வெளியே கட்டுகிற கரை சுழியின் உள்ளேயும் படரும். முதல் கரையே அந்தச் சின்ன இடத்தை நிரப்பிவிட்டால் இரண்டாவதற்கு உள்ளே இடமில்லை. ஆகையால் உடம்புக்கும் முதல் கரைக்கும் வெளிச்ச வேற்றுமை பலமாக இருக்க வேண்டும். மஞ்சள் எழுத்துக்கு ஆரஞ்சுக் கரை கட்டினால் சுழி அடைபட்டுப் போகும். அதற்கு வெளியே எத்தனை கரை கட்டினாலும் பயனில்லை. உட்பக்கமாகக் கரை கட்டினாலோ, அது மெய்யெழுத்தின் புள்ளியையே விழுங்கிவிடும். 'பல் வைத்தியர்' என்ற பலகையில் புள்ளி போனால் அவர் 'பல வைத்தியர்' ஆகிவிடுவார். அவருக்கு வேண்டுமானால் அது லாபமாக இருக்கலாம். பல்வலியோடு தெருவில் தேடுகிறவருக்கு?

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கன்றுத் தோலில் புள்ளி வைத்த துறவிக்குக் கரை என்பது அவருடைய ஆயுளில் சில நாட்கள். வில்லியம் பேஜுக்கு அது இன்னொரு கட்டை. பலகை ஓவியருக்கு இன்னொரு காத்திருப்பு. விலை இருந்ததால், இந்தக் கரை வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே இருந்தது. இன்று பத்துக் கரையும் இனாம். ஆகவே அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் இனாம் என்பது போடுகிறவருக்குத்தான். படிக்கிறவருடைய கண் அதற்கு விலை கொடுக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கண் சிகிச்சைப் பகுதி எங்கே என்று தேடி வரும் கிழவியை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வை மங்கியவள், ஏதோ எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். கறுப்புக் கரை கட்டிய ஒரு வெள்ளை எழுத்து அவளுக்கு வழி காட்டிவிடும். வானவில்லைச் சுற்றிக்கொண்டு நிற்கிற எழுத்தின் முன்னால் அவள் யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நதிக்குக் கரை, தண்ணீர் தன் வழியில் ஓடுவதற்காக. எழுத்துக்கும் அப்படித்தான். கரையைப் பார்த்துவிட்டு எழுத்தைத் தேட வேண்டியிருந்தால், கரை உடைந்து வெள்ளம் ஊருக்குள் புகுந்துவிட்டது என்றே அர்த்தம்.